உத்தரவு தராத கிடா

கருவைகுளத்து முப்பிடாதி அம்மன் கொடைவிழாவில், ஆவுடைத்தங்கம் நேர்ந்துவிட்ட கிடாவின் முதுகில் பூசாரி கொம்பையா முதல் செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றியபோது, கிடா உடம்பை உதறவில்லை. ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவும் இல்லை. இரண்டாவது செம்பை ஊற்றினார். அதுவும் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது செம்புக்குக் கிடா வளர்ந்தது. கிடாவுக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் அந்தப் பக்கம் நின்றவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனபோதுதான் அது வளர்ந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது. பூசாரி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

எங்கள் ஊரில் கிடாவிடம் கேட்காமல் வெட்டுகிற வழக்கம் கிடையாது. தண்ணீர் ஊற்றுவோம், அது உடம்பை உதறினால் உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள், அதற்குப் பிறகுதான் அரிவாள். மேலே தண்ணீர் பட்டால் வெள்ளாடு உதறத்தானே செய்யும், தூற்றலுக்கே கொட்டிலுக்கு ஓடுகிற சாதி அது, இதில் உத்தரவு எங்கே வந்தது என்று வெளியூர் மாப்பிள்ளைகள் கேட்பார்கள்; கேட்டுவிட்டு, கிடா உதறுகிற வரைக்கும் அவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. கொடைக்குக் காப்புக் கட்டிவிட்டால், முதல் கிடா விழுந்து காப்பை அவிழ்க்கும்வரை, ஊருக்குள் இருக்கிற ஒருவரும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது, ஊருக்குள் ஒரு கல்யாணமும் நடக்கக் கூடாது, முதலில் நிறுத்திய கிடாவை விட்டுவிட்டு வேறொன்றை வெட்டவும் கூடாது. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள், ஒருநாள் ஒரு கிடா யோசித்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆவுடைத்தங்கத்தைச் சொல்லாமல் கிடாவைச் சொல்ல முடியாது. புருஷன் போன பிறகு அவன் விட்டுச்சென்ற நாலைந்து பெட்டை ஆடுகளை வைத்துக்கொண்டு, கறுத்த உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுமாக ஒரு பட்டியையே உண்டாக்கியவள் அவள். பெட்டைகளோடு சேர்க்கப் பொலிகிடா வாங்கப் போனால் கிடாவைப் பார்க்க மாட்டாள், அதன் தாயைத்தான் பார்ப்பாள். ஈன்ற குட்டியைத் தானே நக்கி எடுத்ததா, இரட்டைக் குட்டி போட்டால் இரண்டுக்கும் பால் இருந்ததா, கோடையில் உடைமர நெற்றைத் தின்றே உடம்பு வாடாமல் நின்றதா என்று கேட்டுக் கேட்டு, விற்கிறவனே அலுத்துப்போய்த் தாயையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போ என்று சொல்கிற வரைக்கும் விட மாட்டாள். சந்தைக்கு ஆடு பிடிக்கும் காஜா வியாபாரி மற்றவர்களின் ஆடு என்றால் முதுகெலும்பைத் தடவிப் பார்த்து, தொடையை அமுக்கிப் பார்த்து, தூக்கியும் பார்ப்பார். அவள் பட்டிக்கு வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவர் கொடுத்த மரியாதையிலேயே அது பெரியது.

அவ்வளவு ஆடு வளர்த்தவள் ஒன்றுக்கும் பெயர் வைத்ததில்லை. வண்டியில் ஏற்றும்போது கண்ணைக் கசக்கியதும் இல்லை. நம்மிடம் இருக்கிற வரைக்கும் அதுக்கு வயிறு காயக் கூடாது, அதுக்கு மேலே அதுக்கும் நமக்கும் பேச்சு இல்லை என்பாள். பேச்சு இல்லை என்று அவள் சொன்னதை நாங்களும் நம்பிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்தக் கொடைக்கு முந்தின வருஷம் அவள் ஒரே மகள் செண்பகவடிவுக்கு அம்மை போட்டது. கண் இமைக்குள்ளும் முத்து, தொண்டைக்குள்ளும் முத்து. அன்றைக்கென்று பார்த்து ஒரு பெட்டை குட்டி போட்டுவிட்டுக் கொட்டிலில் செத்துப்போனது. ஆவுடைத்தங்கம் அந்த ஈரக் குட்டியை முந்தானையில் அள்ளிக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்து, வேப்பிலையில் படுத்திருந்த மகள் பக்கத்தில் அதைப் போட்டு, தாயே, இவளை எழுந்திருக்க வை, இவனை உனக்கு வளர்த்துத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். மகளும் குட்டியும் ஒரே பாயில் பிழைத்தார்கள்.

மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று குட்டியும் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. சரி, உனக்கும் ஒரு செம்பு என்று ஆவுடைத்தங்கம் அதை முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி, காதுக்குள் தண்ணீர் போய்விடக் கூடாதே என்று இரண்டு காதையும் ஒரே உள்ளங்கையில் அடக்கிப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் வேப்பந்தண்ணீரை ஊற்றினாள். குட்டி அசையாமல் நின்றது. கையை எடுத்து, "ம், ஒதறு" என்றாள். குட்டி உதறிய உதறலில் மகளின் முகமெல்லாம் தண்ணீர் தெறித்து, அம்மை கண்ட பிறகு முதல்முதலாக வடிவு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாயும் மகளுமாகக் குட்டியைக் குளிப்பாட்டினார்கள். அது கொம்பு முளைத்துக் கிடாவான பிறகும், காதிலிருந்து கையை எடுத்து அந்த வார்த்தையைச் சொல்கிற வரைக்கும் உதறாது.

பிறகு இடது காது நுனியை நறுக்கி அம்மன் பெயரில் அவிழ்த்துவிட்டார்கள். அவிழ்த்துவிட்ட கிடா ஊருக்குப் பொது; யார் காட்டில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது, எந்தப் பெட்டையோடு சேர்ந்தாலும் தடுக்கக் கூடாது, முக்கியமாக, வளர்த்த கை அதற்குப் பிறகு அதன்மேல் படக் கூடாது. பட்டால், கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிய மாதிரி. வெள்ளிக்கிழமைதோறும் கிடா ஆவுடைத்தங்கத்தின் வீட்டு வாசலில் வந்து நிற்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஆகவே கொடையன்று ஊரே சுற்றி நின்று தண்ணீர் ஊற்றியபோது, அவள் வழக்கப்படி கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்றாள். கிடா ஒவ்வொரு செம்புக்கும் தலையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கொடுப்பதைப் பார்த்ததும் அது எதற்காக நிற்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற வடிவுக்கும் விளங்கிவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாளும் கிடா உதறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முதலில் கோயில் வாசல் வேப்பமரத்தின் தாழ்ந்த கிளை அளவுக்கு நின்றது, பிறகு கோபுரத்துப் பொம்மைகளை முகர்ந்து பார்க்கிற உயரத்துக்கு வந்தது, ஆடி பிறந்தபோது தெற்குத் தெருவுக்கு மத்தியானத்தில் அதன் நிழல் விழுந்தது. நாங்களும் பழகிக்கொண்டோம். பருத்தி ஆய்கிறவர்கள் நிழலில் உட்கார்ந்து ஆய்ந்தார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்து, மாலையில் யார் வீட்டு வாசலில் நிழல் முடிகிறதோ அந்த வீட்டில் காப்பி குடித்தார்கள். மைக்செட்காரர் மூங்கிலில் கட்டியிருந்த குழாயை அவிழ்த்துக் கிடாவின் கொம்பில் கட்டினார். பாட்டு ஈச்சங்குளம் வரைக்கும் கேட்டது. தேங்காய் அளவுக்கு விழுந்த புழுக்கைகளை வீட்டுக்கு இவ்வளவு என்று முறை வைத்துப் புஞ்சைக்கு அள்ளினோம். கொம்பில் காக்கை கூடு கட்டியதற்குக்கூட யாரும் ஆச்சரியப்படவில்லை. உயரமான மரம் இல்லாத ஊரில் அதுவும் எங்கேதான் போகும்.

கொடைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் பாடுதான் வேடிக்கை. வில்லுப்பாட்டுக்காரர்கள் தெரிந்த கதையெல்லாம் பாடி முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டுக் கதைகளைக் கேட்டுக் கேட்டுப் பாட ஆரம்பித்தார்கள். அதில் இரண்டு வீட்டுச் சண்டை தீர்ந்தது, ஒரு வீட்டில் புதிதாக மூண்டது. பலூன்காரர் பலூன் தீர்ந்து ஆடு மேய்க்கப் போனார். முளைப்பாரியைக் கரைக்க வழியில்லாததால் அது பாட்டுக்கு வளர்ந்து, பாசிப்பயறாகக் காய்த்து, கொடைக்கு வந்த சொந்தக்காரர்களுக்கே அதைச் சுண்டல் செய்து போட்டோம். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பஸ் நின்று ஆரன் அடிக்கும். கடிதம், மருந்து, வெங்காயம், உலகத்து நியாயம் எல்லாம் கல்லுக்கு மேலாகவே கைமாறின. காஜா வியாபாரி தினமும் அந்தக் கல்லருகே வந்து கிடாவை ஏறிட்டுப் பார்ப்பார். இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு உருப்படியைப் பார்த்ததில்லை, எங்கே கையை வைத்தாலும் கறி, ஆனால் விலை கேட்க வாய் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார்.

யார் செய்த குற்றத்துக்காக அம்மன் கிடாவைத் தடுக்கிறாள் என்று பூசாரி கேட்டதும், எல்லோரும் வரிசையில் வந்து கிடாவின் காலடியில் நின்று ஒப்புக்கொள்ள ஆரம்பித்தார்கள். வரப்பைத் தள்ளிப் போட்டவன், அண்ணனோடு பேசாமல் இருந்தவன், மாமியார் சுகமில்லாமல் கிடந்தபோது கோழி அடித்துத் தனியாகத் தின்றவள், எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு குடம் ஊற்றினார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் கிடா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. உத்தரவு வரவில்லையே தவிர, அந்த நாலைந்து மாதம் எங்கள் ஊர் இருந்த மாதிரி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கவில்லை என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன்.

ஆனால் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. குளம் வெடித்துக் கிடந்தது. ஊர்க் கிணற்றில் கயிற்றுக்குமேல் கயிறு முடிந்து இறைத்தார்கள். ஐப்பசி பிறந்தும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நிறுத்திவிடலாம் என்று சொல்லவும் யாருக்கும் மனமில்லை. இத்தனை குடம் ஊற்றியாயிற்று, அடுத்த குடத்துக்கு உதறிவிட்டால்? ஆவுடைத்தங்கத்தின் பட்டியில், கிடா ஊர் சுற்றிய நாட்களில் சேர்ந்த பெட்டைகள் ஒவ்வொன்றாகக் குட்டி போட்டன. எல்லாம் தகப்பனைப்போல நீண்ட காலும் அகன்ற நெஞ்சுமாக, விழுந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று மடியைத் தேடின. அவள் ஒவ்வொன்றின் மூக்கையும் வழித்துவிட்டுத் தாயிடம் தள்ளிவிட்டாளே தவிர, கோயில் பக்கம் மட்டும் போகவே இல்லை.

வடிவுக்கு ஈச்சங்குளத்து இசக்கிராஜாவைப் பேசி முடித்திருந்தது. அவன் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகும் குட்டியானை வண்டி வைத்திருந்தான். கொடை முடிந்த மறுமாதம் கல்யாணம் என்று பேச்சு. தினமும் சாயங்காலம் அவன் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமும் அவள் இந்தப் பக்கமும் நின்று பேசுவார்கள். கல்லின் மேலே அவன் கடலை மிட்டாய் வைப்பான், அவள் எடுத்துக்கொள்வாள். ஒருநாள் அவன் தாய் உடன் வந்து, தை பிறந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும், எங்களுக்கும் வயதாகிறது இல்லையா தாயி என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டுப் போனாள். இசக்கிராஜா வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வடிவு வீட்டுக்கு வந்து அதைத் தாயிடம் சொல்லவில்லை. ஆனால் கல்லில் நடக்கிற பேச்சு கருவைகுளத்தில் எந்தக் காதுக்குத்தான் வராமல் இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் ஆவுடைத்தங்கம் பட்டியைக் கூட்டிக்கொண்டே இருந்தாள், கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள்.

"நமக்குத் தெரியும்லாம்மா" என்றாள் வடிவு.

"தெரியும்."

"நான் கேக்கல. நீயாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

ஆவுடைத்தங்கம் வாரியலைச் சுவரில் சாத்தினாள். தொட்டால் தோஷம் என்று பூசாரி சொல்லுவார் என்றாள். இத்தனை மாதமாக ஊரே நின்றுகொண்டிருக்கிற தோஷத்தை விடப் பெரிய தோஷம் புதிதாக எங்கிருந்து வரப்போகிறது என்றாள் மகள். ஒரு குட்டி ஓடிவந்து ஆவுடைத்தங்கத்தின் சேலையைக் கவ்வி இழுத்தது. அதை விலக்கிவிடாமல் நின்றாள்.

"எத்தனையோ ஆட்ட வண்டியில ஏத்திருக்கேன் வடிவு. ஒண்ணுகூட என்னையக் கேட்டு நின்னதில்ல. இவன் கேட்டு நிக்கான். நான் போயி ஒதறுன்னா ஒதறிருவான். அப்புறம் அருவா. நான் வாயத் தொறக்காத வரைக்கும் அவன் நிப்பான், நீயும் நிப்ப."

மகள் அழுதாள். தாயும் அழுதாள். ஆட்டுக்காகவா, மகளுக்காகவா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலில் தாயும் மகளும் கோயிலுக்கு வந்தார்கள். ஆவுடைத்தங்கத்தின் இடுப்பில் ஒரு குடம், அதில் வேப்பிலை மிதந்தது. ஊர்க் கிணற்றில் கலங்கிக் கிடந்த கடைசித் தண்ணீர் அது. கூட்டம் கூடிவிட்டது. பூசாரி கொம்பையா குறுக்கே வந்து நின்றார். வளர்த்த கை படக் கூடாது, நாலு தலைமுறையாக இல்லாத பழக்கத்தை நீ உண்டாக்காதே என்று கையை நீட்டி மறித்தார். ஆவுடைத்தங்கம் குடத்தை இறக்காமலே அவரைப் பார்த்தாள்.

"இத்தன மாசமா ஊரே நின்னு அவன்கிட்ட உத்தரவு கேட்டிய அண்ணாச்சி. அவன் என் உத்தரவுக்குல்லா நிக்கான். நான் குடுக்கல. இன்னைக்குத்தான் குடுக்க வந்திருக்கேன்."

பூசாரி நல்ல மனிதர். விலகி நின்றதோடு, மைக்செட்காரரின் ஏணியை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். இன்னொரு ஏணி ஊர்ப் பொது. கிடா தலையைத் தாழ்த்தியது. அப்படித் தாழ்த்தியும் அது கோயில் மதிலுக்கு மேலேதான் இருந்தது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே உள்ளங்கையில் அடங்கிய காதுகள் இப்போது ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலத்துக்கு இருந்தன. ஒரு பக்கம் தாயும் மறு பக்கம் மகளும் ஏறி, இரண்டு கையாலும் நெஞ்சாலும் சேர்த்து ஆளுக்கொரு காதை அணைத்துப் பொத்தினார்கள். நுனி நறுக்கிய இடது காது தாய் பக்கம். அவள் ஒரு கையை மட்டும் எடுத்து, கொம்படியில் அண்டக்கொடுத்து வைத்திருந்த குடத்தைச் சாய்த்து, நெற்றியின் வெள்ளைக் கோட்டிலிருந்து பிடரி வரைக்கும், சின்னப் பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி மெதுவாக ஊற்றினாள். கிடா கண்ணை மூடிக்கொண்டது. குடம் காலியான பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு இருவரும் கையை எடுத்தார்கள். ஏணியிலிருந்து இறங்கித் தள்ளி வந்து நின்றார்கள்.

"ம், ஒதறு" என்றாள் ஆவுடைத்தங்கம்.

கிடா உதறியது. தலையில் தொடங்கி, பிடரி, நெஞ்சு, முதுகு, விலா, தொடை, வால் நுனி என்று வரிசையாக அது உதற உதற, வைகாசியில் ஊற்றியது, ஆனியில் ஊற்றியது, ஒப்புக்கொண்டவர்கள் ஊற்றியது, ஒப்புக்கொள்ளாமல் அழுதவர்கள் ஊற்றியது, அத்தனை தண்ணீரும் மஞ்சளும் வேப்பிலை வாசமுமாக மேலே எழும்பி, வானத்துக்குப் போய் ஊர் மேலே கறுத்து நின்று, பிறகு மழையாக இறங்கியது. கருவைகுளத்திலும் பெய்தது, கல்லைத் தாண்டி ஈச்சங்குளத்திலும் பெய்தது, பஸ்ஸுக்கு மேலும் பெய்தது, கையைக் கட்டிக்கொண்டு கல்லருகே நின்ற காஜா வியாபாரியின் தொப்பி மேலும் பெய்தது. கரிசல் குடித்தது, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது, குளத்துக்கு ஓடையில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், கோயில் வாசலில் ஒரு சாதாரணக் கிடா, நல்ல வளர்ப்பில் வளர்ந்த, இரண்டு பல் போட்ட இளங்கிடா, மயிர் ஒட்டிப்போய், காக்கைக் கூட்டின் ஒரு சுள்ளியைக் கொம்பில் சுமந்துகொண்டு நின்றது.

பூசாரி அரிவாளை எடுத்தார். வழக்கமாகக் கேட்காத கேள்வியை அன்றைக்கு ஆவுடைத்தங்கத்திடம் கேட்டார்.

"வெட்டட்டுமா தாயி?"

"அவன்தான் சொல்லிட்டானே."

ஒரே வெட்டு. அவள் முகத்தைத் திருப்பவில்லை. ஈர விறகு எரியாமல் புகைந்து, ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தக் கறியைச் சமைத்தது. ஆளுக்கு ஒரு கரண்டிதான் வந்தது. அப்படி ஒரு கறியை நாங்கள் தின்றதில்லை. மசாலா தூக்கலா, ஐந்து மாதப் பசியா என்று யோசித்துப் பார்த்துவிட்டோம், இரண்டும் இல்லை. ஆவுடைத்தங்கம் சாப்பிடமாட்டாள் என்று நினைத்து அவளுக்கு இலை போடாமல் விட்டார்கள். அவளே இலையை எடுத்துப் போட்டுக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தாள். நிதானமாகத் தின்று, எலும்பைக் கடித்து உறிஞ்சி, இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

காப்பு அவிழ்ந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் போனார்கள், பலூன்காரர் மட்டும் ஆடு மேய்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். கார்த்திகையில் கல்யாணம் நடந்து, வடிவு எல்லைக் கல்லைத் தாண்டி இசக்கிராஜாவின் வண்டியில் ஏறிப் போனாள். இன்றைக்கும் எங்கள் பக்கத்துச் சந்தையில் கறுத்த ஆட்டைக் கருவைகுளத்து ஆடு என்று யாராவது சொன்னால், வியாபாரிகள் ஒரு கை தண்ணீரை அதன்மேல் தெளித்துப் பார்ப்பார்கள். உடனே உதறினால் அது வேறு ஊர் ஆடு.

மகள் போன மறுநாள் மழை விட்டு விட்டுத் தூறியது. ஆடுகள் எல்லாம் கொட்டிலுக்குள் ஓடிவிட்டன. கிடா விழுந்த பிறகு கடைசியாகப் பிறந்த குட்டி ஒன்று மட்டும் முற்றத்தில் நின்றது. அப்பனைப் பார்த்ததில்லை, யாரும் அதைக் குளிப்பாட்டியதில்லை. முதுகில் தண்ணீர் ஓட, உதறாமல், தலையைத் தாழ்த்தி ஆவுடைத்தங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, போ உள்ளே என்று அதட்டினாள். குட்டி போகவில்லை. கடைசியில் அவள் தூறலில் இறங்கி வந்து, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இது எங்கே போய் முடியும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, அதன் இரண்டு காதையும் ஒரே உள்ளங்கையில் பொத்தினாள்.